கழுத்தில் சிவப்பு

செண்பகவல்லிக்கு ஒரே பயம். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனது. பதற்றத்தில் எதையாவது மாற்றிச் சொல்லிவிட்டால், மடத்துச் சாமி அவள் மகனைக் கொலைகாரன் என்று நினைத்துவிடுவாரே.

சாமி அவளைவிட வயதில் இளையவர். "வர்ற மாதிரி சொல்லுங்கம்மா" என்றார்.

"மகனுக்குப் பிறந்தநாள், சாமி. முச்சந்தியில அருவாளால கேக் வெட்டியிருக்கான். அந்த வழியா போன பையன் ஒருத்தன் சிரிச்சானாம். அருவாளை அப்படியே அவன் கழுத்துல வச்சு, 'எங்க தாத்தா யாருன்னு தெரியுமாலே'ன்னு கேட்டிருக்கான். நீங்களே பாருங்க."

செல்போனை நீட்டினாள். படத்தில் அந்தப் பையனின் கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு.

"ரத்தமா?"

"கீறல்கூட இல்ல. நானே போய்ப் பார்த்தேன். பிறகு இந்தச் சிவப்பு எங்கிருந்து வந்துச்சு? நினைச்சா கண்ணை மூட முடியல."

சாமி படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"எங்க காலத்துல இப்படியா, சாமி? என் மாமனாரும்தான் ஒருத்தனை வெட்டினாரு. அதுக்கு வரப்புத் தகராறுன்னு ஒரு காரணம் இருந்துச்சு. வெட்டிட்டு நேரா ஸ்டேஷனுக்குப் போனாரு."

சொல்லும்போதே அவள் முதுகு நிமிர்ந்தது.

"என் வீட்டுக்காரர் அதுகூட இல்ல. கலவரத்துல கூட்டத்தோட நின்னு பஸ்ஸுல கல்லெறிஞ்சாரு, அவ்வளவுதான். இவன் என்னடான்னா, சிரிச்சதுக்கு..."

"அருவாள் ஏது?"

"மாமனாரோடது. வெட்டினது கோர்ட்டுக்குப் போயிருச்சு. ஜெயில்ல இருந்து வந்ததும் அச்சு அசலா அதே மாதிரி ஒண்ணு அடிச்சு வாங்கினாரு."

"எதுக்கு?"

"எதுக்குமில்ல. பூஜைக்கு. விறகு வெட்டக்கூட எடுத்ததில்ல. ஆயுதபூஜை அன்னிக்கு இறக்கி, நான்தான் சந்தனம் குங்குமம் வச்சு, பிள்ளைக்கு அவன் தாத்தா கதையைச் சொல்லுவேன். போன வாரம்கூட..."

சாமி குங்குமத் தட்டை அவள் பக்கம் தள்ளினார்.

பழக்கத்தில் கட்டைவிரலால் தொட்டு எடுத்தாள். நெற்றிக்குப் போன கை பாதியில் நின்றது.

விரலைப் பார்த்தாள். செல்போனைப் பார்த்தாள்.

அதே சிவப்பு.

"சாமி" என்றாள். குங்குமத்தை நெற்றியில் வைக்காமலே எழுந்தாள்.

மறுநாள் தெருவில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிறவன் வந்தான். செண்பகவல்லி அருவாளை இறக்கிக்கொண்டு போனாள். மகன் பின்னாலேயே ஓடிவந்தான்.

வண்டிக்காரன் கை நீட்டவில்லை. "பாதிப் பொட்டு இருக்கே அக்கா. சாமி அருவாளா?"

"தாத்தாவோடதும்மா" என்றான் மகன்.

அவள் முந்தானையால் பொட்டை அழுத்தித் துடைத்தாள்.

"இரும்புதான். தராசுல போடு."