ஆபீசரை உட்கார வெச்ச உத்தரவு

பூண்டு உரிச்ச கையோட எழுதுறேன். எங்க வெள்ளாமைக் காட்டுக்கு அடியில எண்ணெய்க் குழாய் போகுது. காவல்காரர் குப்பாண்டி அண்ணன்.

பெரிய ஆபீசர் வந்து, "குழாய் மேல எவன் குழி தோண்ட வந்தாலும் உட்கார வெச்சுட்டு எனக்குப் போன் பண்ணு"ன்னு அதட்டினார். அடுத்த மூச்சுலயே, "வெயில் தாங்கல. இங்கேயே குழி தோண்டிப் பந்தல் போடு, இல்லேன்னா உன் வேலை போயிடும்"ன்னார்.

அண்ணன் தள்ளி நின்னு போன் போட்டார். ஆபீசர், கூப்பிடுறது யாருன்னு பார்க்காமலே எடுத்தார்.

"ஐயா, ஒருத்தர் குழாய் மேல தோண்டச் சொல்றாருங்க."

"உட்கார வைடா அவனை! நான் சொல்ற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது!"

அண்ணன் பக்கத்துல கிடந்த கூடையைக் கவிழ்த்துப் போட்டார். "உட்காருங்கய்யா, ஆபீசர் உத்தரவு."

"நான்தான்டா ஆபீசர்!"

"மாட்டினவங்க எல்லாரும் அப்படித்தானுங்க சொல்றாங்க."

தன் உத்தரவுப்படியே நடந்தவரை எப்படி வேலையை விட்டு அனுப்புறது? ஆபீசர் வெயில்லயே உட்கார்ந்தார். எழுந்திருக்க உத்தரவு கேட்டு அவரே தன் நம்பருக்குப் போன் போட்டாராம், லைன் பிஸியா இருந்துச்சாம். அப்புறம்... இதோ வரேனுங்க அத்தை, புள்ளைக்குப் பால்...