நத்தையக்கா கோட்டைத் தொடும்வரை

ஒரு காட்டில், மற்ற மலைகள் பார்த்தால் "இதுவும் ஒரு மலையா!" என்று சிரிக்கும் அளவுக்கு ஒரு சின்ன மலை இருந்தது. அதன் பெயர் நெல்லிக்குன்று. உச்சியில் ஒரே ஒரு நெல்லிமரம் நின்றது.

வருடா வருடம் முதல் மழை பெய்த மறுவாரம் அங்கே ஓட்டப்பந்தயம் நடக்கும். அடிவாரத்தில் கிழித்த கோட்டிலிருந்து கிளம்ப வேண்டும். உச்சிக்கு ஏறி, ஒரு நெல்லி இலையைக் கிள்ளிக்கொண்டு, இறங்கி வந்து மறுபடியும் கோட்டைத் தொட வேண்டும். பரிசு, கரடியத்தை தேன் விட்டுப் பிசைந்த தினைமாவு உருண்டை. முதலில் வந்தவருக்கும் ஒன்று, கடைசியில் வந்தவருக்கும் ஒன்று. ஆனால் கடைசி ஆள் கோட்டைத் தொடும்வரை யாரும் உருண்டையைத் தொடக் கூடாது. அது அந்தக் குன்றின் சட்டம்.

கடைசி ஆள் யார் என்பதில் யாருக்கும் எப்போதும் சந்தேகம் வந்ததில்லை. நத்தையக்காதான். மற்றவர்கள் ஓடுவதற்கு நான்கு நாள் முன்பே அவள் கிளம்பிவிடுவாள். பந்தயத்தன்று காலையில், ஓட்டின் மேல் நெல்லி இலையை ஒட்டிக்கொண்டு, கோட்டுக்கு இருபது முழம் மேலே உள்ள இரட்டைப் பாறை இடுக்கு வரை இறங்கி வந்திருப்பாள். "வணக்கம் நத்தையக்கா!" என்று கத்திக்கொண்டே மற்றவர்கள் அவளைத் தாண்டிக் குதித்து மேலே ஓடுவார்கள். அவர்கள் உச்சியைத் தொட்டுத் திரும்பும்போது, அவள் கோட்டுக்கு இரண்டு முழம் தள்ளி வேர்க்க விறுவிறுக்க வந்துகொண்டிருப்பாள். எல்லோரும் கைதட்டி அவளைக் கோடு சேர்ப்பார்கள். அப்புறம்தான் உருண்டை.

இந்தப் பந்தயத்துக்குப் பொறுப்பாளி முள்ளம்பன்றி கூரன். நல்லவன்தான். பெரிதாக எதையாவது செய்து பேர் வாங்க வேண்டும் என்ற ஆசை மட்டும் கொஞ்சம் கூடுதல். சந்தோஷம் வந்தாலும் சரி, கவலை வந்தாலும் சரி, அவன் முட்கள் தாமாகவே சிலிர்த்துக்கொள்ளும். அதனால் அவன் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

அந்த வருடம் கவலையில் சிலிர்த்தன. போன வருடம் ஓடியவர்கள் பதினொரு பேர். இந்த வருடம் நத்தையக்காவையும் சேர்த்து ஆறே பேர்தான் பெயர் கொடுத்திருந்தார்கள்.

"இப்படியே போனால் அடுத்த வருடம் நத்தையக்கா மட்டும்தான் ஓடுவாள். அதற்கடுத்த வருடம் பந்தயமே இருக்காது" என்று கூரன் புலம்பினான்.

மரத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த குரங்கு வாலப்பன் இதைக் கேட்டான். வாலப்பனுக்கு வாய்தான் எல்லாம்.

"அட, என்ன அண்ணே! பக்கத்துக் காட்டுக்கே தெரியாமல் பந்தயம் நடத்தினால் யார் வருவார்கள்? என்னிடம் விடு. மூன்று காடு கேட்கிற மாதிரி கூவிவிட்டு வருகிறேன்."

தினையை இடித்துக்கொண்டிருந்த கரடியத்தை தலையைத் தூக்கினாள். "நாலு பேரைக் கூப்பிடுவது நல்லதுதான். ஆனால் உள்ளதைச் சொல்லிக் கூப்பிடு."

"உள்ளது என்ன அத்தை? சின்ன மலை, ஒரே ஒரு உருண்டை. இதைச் சொன்னால் எறும்புகூட வராது!" என்று சொல்லிவிட்டு வாலப்பன் தாவிப் போய்விட்டான்.

முதல் காட்டில், "ஓடினால் தேன்!" என்று கூவினான். நாலைந்து காதுகள் நிமிர்ந்தன.

இரண்டாம் காட்டில், "ஓடினால் குடம் குடமாகத் தேன்!" என்று கூவினான். நாற்பது காதுகள் நிமிர்ந்தன.

மூன்றாம் காட்டுக்குப் போவதற்குள் அவனுக்கே தலைகால் புரியவில்லை. "நெல்லிக்குன்றின் உச்சியில் தேன் அருவி கொட்டுகிறது! போய் வாயைத் திறந்துகொண்டு நின்றால் போதும்!" என்றான். அதைக் கிளிகள் கேட்டு, யாரும் சொல்லாமலே நாலாம் காட்டுக்கும் கொண்டு போயின.

சங்கதி கூரன் காதுக்கும் வந்தது. "தேன் அருவியா? ஏனப்பா, நம் குன்றில் தண்ணீர் அருவியே கிடையாதே!"

"கொஞ்சம் தூக்கலாகச் சொன்னால்தான் அண்ணே காதில் ஏறும். முந்நூறு பேருக்குக் குறையாமல் வருவார்கள், பார்."

'போய் உண்மையைச் சொல்லிவிட்டு வா' என்ற வார்த்தை கூரனின் நாக்கு நுனி வரை வந்தது. முந்நூறு பேர் என்றதும் அதை அப்படியே விழுங்கிவிட்டான். அவன் செய்த தப்பு அதுதான்.

பந்தய நாள் விடிந்தது. அடடா, என்ன கூட்டம்! மான்கள் மந்தையாக வந்தன. காட்டெருமைகள் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தன. மயில்கள் ஓடுவதற்கு வரவில்லை, ஓடுகிறவர்கள் தங்களைப் பார்ப்பதற்காக வந்தன. காட்டுப்பன்றிக் குடும்பம் ஒன்று நேராகப் போய்க் கோட்டின் மேலேயே படுத்துக்கொண்டது. எல்லோருக்கும் பின்னால், மூச்சு வாங்க ஒரு யானை வந்து நின்றான்.

கூரன் எண்ணத் தொடங்கினான். இருநூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணியதும் ஒரு மான் இடம் மாறியது. கணக்கு தப்பிவிட்டது. மறுபடி முதலிலிருந்து எண்ணினான். சந்தோஷம் தாங்காமல் முட்கள் சிலிர்க்க, பக்கத்தில் நின்ற மூன்று நரிகள் "ஐயோ!" என்று குதித்தன.

"ஏண்டா கூரா, நான் ஆறு உருண்டை பிடித்து வைத்திருக்கிறேன். இத்தனை பேருக்கு எங்கே போவது?" என்றாள் கரடியத்தை.

"அதை அப்புறம் பார்க்கலாம் அத்தை. கூட்டத்தைப் பாருங்கள், கூட்டத்தை!"

"கூட்டத்தைப் பார்த்தேன். நத்தை எங்கே வந்துகொண்டிருக்கிறாள்? அதை நீ பார்த்தாயா?"

கூரனுக்கு உயிரே போய்விட்டது. இரட்டைப் பாறை இடுக்கில் நத்தையக்கா இறங்கிக்கொண்டிருப்பாள். பழைய ஆட்களுக்கு அது தெரியும், பார்த்துத் தாண்டுவார்கள். வந்திருக்கும் முந்நூறு பேருக்கு யார் சொன்னது? யாருமே சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை.

"டொக்!" என்று மரங்கொத்தி முதல் தட்டுத் தட்டியது. மூன்றாம் தட்டில் எல்லோரும் ஓட வேண்டும்.

"நிறுத்து! நிறுத்து!" என்று கூரன் கத்தினான். அந்த இரைச்சலில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"டொக்!"

கூரன் ஓடினான். பிறந்ததிலிருந்து அவன் அப்படி ஓடியதில்லை. எருமைகளின் வயிற்றுக்கு அடியில் புகுந்தான், பன்றிக் குட்டிகளைத் தாண்டினான், மயில் தோகை ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். நேராக இடுக்கை நோக்கி ஓடினான்.

"டொக்!"

முந்நூறு பேரும் கிளம்பினார்கள். பூமி அதிர்ந்தது. இடுக்கின் நடுவே, ஓட்டின் மேல் பச்சை இலையோடு நத்தையக்கா நகர்ந்துகொண்டிருந்தாள். கூரன் அவளுக்கு முன்னால் போய்த் திரும்பி நின்று, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, இருந்த முட்களையெல்லாம் விரித்துக்கொண்டு கண்ணை இறுக மூடினான்.

முதலில் வந்த மான் முட்களைப் பார்த்ததும் நான்கு கால்களையும் ஊன்றி நின்றது. அதன் மேல் இன்னொரு மான், அதன் மேல் நரி, நரியின் மேல் எருமை, எருமையின் மேல் மற்ற எல்லோரும்.

"யாரடா அது, வழியில் நிற்பது?" என்று எருமை உறுமியது.

கூரன் மெல்லக் கண்ணைத் திறந்தான். "நத்தையக்கா கோட்டைத் தொடும்வரை யாரும் நகரக் கூடாது" என்றான்.

"நத்தைக்காக நாங்கள் நிற்க வேண்டுமா? தேன் அருவி வற்றிவிடாதா?" என்று நரி கேட்டது.

கூரனுக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் சொல்லிவிட்டான். "அருவி கிடையாது. குடமும் கிடையாது. ஆளுக்கொரு தினைமாவு உருண்டைதான் வழக்கம். அதுவும் கடைசி ஆள் வந்த பிறகுதான். இன்றைக்கு ஆறே உருண்டைதான் இருக்கிறது. பொய் சொன்னது குரங்கு. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தது நான்."

எல்லோரும் ஒரே நேரத்தில் திட்டினார்கள். திட்டித் தீர்த்ததும் மான்கள் போயின, எருமைகள் போயின, பன்றிக் குடும்பம் சோம்பல் முறித்துவிட்டுப் போனது. ஆற அமரத் தோகையை விரித்துக் காட்டிவிட்டு மயில்களும் போயின.

பழைய ஐந்து பேர் மட்டும் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் யானையும் நின்றான்.

"நீ போகவில்லையா தம்பி?" என்று கேட்டான் கூரன்.

யானை தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு கூச்சத்தோடு சொன்னான்: "எங்கள் கூட்டத்தில் நான்தான் எப்போதும் கடைசி. நான் போய்ச் சேர்வதற்குள் மூங்கில் குருத்தெல்லாம் தீர்ந்திருக்கும். இங்கே நான் கடைசியாக வந்தால், எனக்கும் காத்திருப்பீர்களா?"

"காத்திருக்காமல்?" என்றது கீழேயிருந்து ஒரு சின்னக் குரல். நத்தையக்கா கோட்டைப் பார்த்து நகர்ந்துகொண்டே சொன்னாள்.

எல்லோரும் இரு பக்கமும் வரிசையாக நின்று கைதட்டினார்கள். யானை காதுகளால் தட்டினான். நத்தையக்கா இருபது முழத்தையும் கடந்து கோட்டைத் தொட்டாள். மற்றவர்கள் இன்னும் இடுக்கையே தாண்டவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக நத்தையக்கா முதலில் வந்திருந்தாள்!

அப்புறம் ஐந்து பேரும் யானையும் ஓடினார்கள். இடுக்கில் யானை ஒருக்களித்து, மூச்சை இழுத்துப் பிடித்துப் புகுந்தான். ஐந்து பேரும் உச்சி போய்த் திரும்பியும் வந்துவிட்டார்கள். யானையைக் காணோம். கரடியத்தை ஆறு உருண்டைகளையும் உதிர்த்துப் பிசைந்து ஏழாகப் பிடித்தாள்.

வாலப்பன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். "அடுத்த வருடம் நான் என்ன சொல்லிக் கூவட்டும் அண்ணே?"

"மலை சின்னது, ஏற்றம் செங்குத்து. வழியெல்லாம் முள். அட்டை கடிக்கும். பரிசு ஒரே ஒரு உருண்டை, அதுவும் கடைசி ஆள் வந்த பிறகுதான். வழியில் நத்தையக்கா வருவாள், பார்த்து ஓட வேண்டும். இதைச் சொல்லிக் கூவு."

"இதைக் கேட்டு எவன் வருவான்?"

"நான் வருவேன்!" என்று மேலேயிருந்து ஒரு குரல் பிளிறியது. மரங்களுக்கு நடுவே ஒரு தும்பிக்கையும், அதன் நுனியில் ஓர் இலையும் தெரிந்தன. "உருண்டையைத் தொட்டுவிடாதீர்கள்! இன்னும் ஒரு வளைவுதான்!"

"மெதுவாக வா தம்பி" என்றாள் நத்தையக்கா. "நாங்கள் இருக்கிறோம்."

நீதி: எத்தனை பேரை அழைத்தாலும், மெதுவாக வரும் ஒருவரை மறந்துவிடக் கூடாது.