எந்த விரலில் இருந்தீர்கள்?

அநியாயம் நடந்தது திலகவதிக்கு. அதுவும் அவள் ஜெயித்த நாளில்.

மயிலாப்பூரில் ஒரு மருந்துக்கடையின் மாடி. நாலு பேர் உட்கார்ந்து பங்கு வாங்கி விற்கும் அறை. சொல்லித் தருகிறவள் அருந்ததி, வயது முப்பத்திரண்டு. கற்றுக்கொள்கிறவள் திலகவதி, வயது நாற்பத்தாறு. வக்கீல் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு இதுவே கதியென்று வந்தவள்.

அந்த அறையில் ஒரு வழக்கம். எந்தப் பங்கை வாங்கினாலும், 'இந்த விலைக்குக் கீழே இறங்கினால் விற்றுவிடுவேன்' என்று ஒரு சீட்டில் எழுதித் திரையின் நெற்றியில் ஒட்டவேண்டும். ஒட்டியதை மாற்றக் கூடாது.

செவ்வாய்க்கிழமை திலகவதியின் பங்கு சீட்டைத் தாண்டி இறங்கியது. அவள் விற்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மதியத்துக்கு மேல் அது திரும்பிற்று, ஏறிற்று, கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. பக்கத்து நாற்காலிச் சபேசனும் அதே பங்கைத்தான் வைத்திருந்தான். சீட்டில் எழுதியபடி காலையிலேயே நஷ்டத்துக்கு விற்றுவிட்டான்.

சந்தை மூடியதும் அருந்ததி சபேசனுக்குக் காபி வரவழைத்தாள். திலகவதியின் திரையை அணைத்தாள். ஒயரைப் பிடுங்கிச் சுருட்டித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"தோத்தவனுக்குக் காபி, ஜெயிச்சவளுக்குத் தண்டனை. எந்த ஊர் நியாயம் இது?"

"சனிக்கிழமை அப்பீல் பண்ணுங்க, வக்கீலம்மா. மதியம் சபாவுக்கு வந்துடுங்க."

மூன்று நாள் திலகவதி வாதத்தைக் கூர் தீட்டினாள். குக்கரிடம் வாதாடினாள். ஆட்டோவில் வாதாடினாள், ஓட்டுநர் அவள் பக்கம்தான் நியாயம் என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

அருந்ததி கச்சேரிக்குப் போகும் விதமே வேறு. பாடுகிறவர் நிறுத்தி, மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதிச் சபை போண்டா தேடிக் கேன்டீனுக்கு எழும். அப்போதுதான் இவள் அவர்களுக்கு எதிர்நீச்சல் போட்டு உள்ளே வருவாள். அவளுக்குப் பிடித்த சங்கீதம் அந்தக் கால் மணி நேரம்தான். சனிக்கிழமை திலகவதியையும் அப்படித்தான் உள்ளே அழைத்துப் போனாள்.

"அப்பீலை எடுத்துக்கறீங்களா?" என்றாள் திலகவதி, உட்காருவதற்கு முன்பே.

"முதல்ல தாளம் போடுங்க. ஆதி தாளம். தனி முடியற வரைக்கும் பிசகலேன்னா ஒயர் உங்களுக்கு."

"மூணு வருஷம் பாட்டு கத்துக்கிட்டவ நான். எட்டு எண்ணத் தெரியாதா?"

பார்த்துப் போட முடியாதபடி அருந்ததி தன் கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

திலகவதி தட்டினாள். சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். தட்டு, வீச்சு. தட்டு, வீச்சு. சுலபம்.

மிருதங்கம் முதலில் கூடவே நடந்தது. பிறகு விலகிற்று. நாலு நாலாக வந்துகொண்டிருந்தது, மூன்று மூன்றாகக் கொட்டத் தொடங்கிற்று. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. என்ன வேகம், என்ன துணிச்சல்! அது ஓடியபோது அவள் கையும் ஓடிற்று. அது சட்டென்று நின்றபோது கை அந்தரத்தில் தொங்கிற்று. இது மோதிரவிரலா, வீச்சா? எதையோ பிடித்து எண்ணினாள்.

தனியை முடித்துவைக்கும் சொற்கட்டு, கடைசிக் கோர்வை வந்தது. மூன்று முறை வாசிப்பார் என்று சபைக்குத் தெரியும். முதல் முறை தலைகள் நிமிர்ந்தன. இரண்டாம் முறை ஆட்கள் நாற்காலி நுனிக்கு வந்தார்கள். மூன்றாம் முறை ததிங்கிணதோம், ததிங்கிணதோம், ததிங்கிணதோம், சபை முழுக்கத் தொடையில் ஒரே தட்டு. திலகவதியின் தட்டும் அதே நொடியில் விழுந்தது.

அவள் துள்ளி எழுந்தேவிட்டாள். "பாத்தீங்களா? இம்மி பிசகல. ஒயரைக் குடுங்க."

"கடைசித் தட்டு சரிதான். மறுக்கல."

"அப்புறம் என்ன?"

"கோர்வை ஆரம்பிச்சப்ப எந்த விரல்ல இருந்தீங்க?"

திலகவதி வாயைத் திறந்தாள். இருபது வருஷம் நீதிபதிகளையே பேசவிடாமல் அடித்த வாய்.

"தெரியல," என்றாள். "ஆனா வந்து சேர்ந்தேன் இல்ல?"

அருந்ததி தலைப்பிலிருந்து கையை எடுத்தாள். அது இன்னும் எண்ணிக்கொண்டிருந்தது.

"வந்து சேர்ந்தது மிருதங்கக்காரர், வக்கீலம்மா. அந்த நேரம் உங்க கை அங்க இருந்துச்சு."