இரண்டு கென்னத்துகள்

வெகு காலத்துக்கு முன்னால், வெயிலைக் கண்ணில் காட்டாத ஸ்காட்லாந்து மலைநாட்டை டங்கால் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்ன ஆண்டான், ஆட்டிவைத்தான்! காலையில் கட்டிப்பிடித்தவனைச் சாயங்காலம் தூக்கில் போடுவான். சிம்மாசனத்துக்குப் போட்டி வரக் கூடாதென்று பங்காளிகளை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டினான். கடைசியாகப் போனவன் சித்தப்பா மகன் ஆங்கஸ். இந்தக் கதைக்கு ஒரு மாதம் முன்னால்தான், வேட்டைக்குக் கூட்டிப்போய்க் கொன்றான். ஆங்கஸின் மனைவி மோராக், மந்திரி ஈவனின் கூடப்பிறந்த தங்கை. அவள் விதவையான சேதி வந்தபோது ஈவன் அரசவையில் வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன?

ஈவனைக் கண்டாலே லாக்லன் பிரபுவுக்கு வயிறு எரியும். வாயைத் திறந்தால் முப்பாட்டன் பெருமை பேசுகிற ஆசாமி. "மகாராஜா, ஆங்கஸுக்கு ஒரு மகன் இருக்கானே! மந்திரியோட மருமகன். விட்டுவைத்தால் நாளைக்குச் சிம்மாசனம் கேட்பான்" என்று பற்றவைத்தான்.

ராஜா சிரித்தான். "ஈவன், நீயே போ. உன் மருமகனைக் கொண்டுவா, இங்கேயே தலையை எடுக்கணும். அங்கே வளர்கிற என் மகனையும் கூட்டிவா."

அந்த நாட்டு வழக்கம் அப்படி. பெரிய வீட்டுப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் வளர்க்க மாட்டார்கள்; கைக்குழந்தையிலேயே உறவுக்காரர் வீட்டில் விட்டுவிடுவார்கள், ஆளானபிறகுதான் அழைப்பார்கள். ஆங்கஸோடு கூடிக்குலாவிய காலத்தில் ராஜாவும் தாயில்லாத தன் பிள்ளையை மோராக்கிடம் விட்டான். அதற்கப்புறம் எட்டியும் பார்க்கவில்லை. அவளுக்கும் அதே வயதில் ஒரு மகன்; வழக்கத்தை மீறி அவனைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். இரண்டு பிள்ளைகளுக்கும் கொள்ளுப்பாட்டனார் பெயர்தான், கென்னத்.

ஈவனைக் கண்டதும் மோராக் வாசலை மறித்தாள். "தாய்மாமன் சீர் கொண்டுவருவான்னு பார்த்தா, தலையை எடுக்க வந்திருக்கியா? த்தூ!"

ஈவன் கிட்டே போனான். குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "ரெண்டு பேரையும் ஒரே மாதிரி உடுத்தி அனுப்பு. எவன் யார் பிள்ளைன்னு எனக்கும் சொல்லாதே. அவங்களும் சொல்லக் கூடாது."

வழியெல்லாம் இரண்டு முகத்திலும் தங்கையின் சாயலைத் தேடினான். இரண்டும் செம்பட்டைத் தலை, இரண்டுக்கும் ஒரே கொள்ளுப்பாட்டனின் மூக்கு. பிடிபடவில்லை.

அரசவையில் ராஜா திகைத்தான். "எவன்டா என் மகன்?"

"மோராக்தான் எங்க அம்மா" என்றார்கள் இருவரும்.

"ஈவன்! உன் தங்கை மகனை உனக்கே தெரியாதா?"

"பதினேழு வருஷமா என்னை இந்த அரசவையை விட்டு எங்கே நகரவிட்டீங்க, மகாராஜா? மோராக்கைக் கேட்டாலும், புருஷனைக் கொன்னவருக்கு உண்மையையா சொல்லுவா?"

லாக்லன் நெஞ்சை நிமிர்த்தினான். "ராஜ ரத்தம் முகத்திலேயே ஜொலிக்கும். எங்கள் வம்சத்துக் கண்ணுக்குத் தப்பாது!"

"ரொம்ப நல்லது" என்றான் ஈவன். "பிரபு காட்டுகிறவர் இளவரசர். மற்றவன் தலை இப்போதே உருளட்டும். நாளைக்கு வெட்டுப்பட்டவர்தான் இளவரசர்னு தெரிஞ்சா, பிரபுவோட வம்சத்தில் ஒரு குஞ்சுகூட மிஞ்சக் கூடாது. சரிதானே, மகாராஜா?"

"சரி. காட்டு!" என்றான் ராஜா.

லாக்லனின் விரல் இங்கும் அங்கும் ஆடியது. கடைசியில் தொப்பென்று காலில் விழுந்தான். "தெரியலை மகாராஜா! மன்னிச்சுடுங்க!"

"உன் முப்பாட்டன் கதையை இனிமேல் என் பன்றிகளிடம் சொல்லு. தொழுவம்தான் உனக்கு வேலை" என்ற ராஜா ஈவன் பக்கம் திரும்பினான். "ரெண்டு பேரையும் வெட்டிவிட்டால்?"

"வெட்டலாம். அப்புறம் உங்களுக்குக் கொள்ளிபோட யார் இருக்கா? பங்காளிகளைத்தான் நீங்களே முடிச்சுட்டீங்களே."

ராஜா இரண்டு பையன்களையும் ஏற இறங்கப் பார்த்தான். பிறகு தன் மோதிரத்தைக் கழற்றி, புத்திக்குப் பரிசாக ஈவனிடம் எறிந்தான். இரண்டு பேருமே மகன்கள் என்று அறிவித்தான்.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் வலப்பக்கம் ஒரு கென்னத், இடப்பக்கம் ஒரு கென்னத். இரண்டு பேரும் "அப்பா, குடிங்க" என்று ஆளுக்கொரு கோப்பையை நீட்டுவார்கள். ஒருவன் டங்கால் பெற்ற பிள்ளை. இன்னொருவனின் அப்பனை அவன் கொன்றிருக்கிறான். டங்கால் இரண்டு கோப்பையையும் மாறிமாறிப் பார்ப்பான். தொண்டை வறண்டுபோகும், கை மட்டும் நீளாது.