ஓணான்பாளையம் ஏற்றுமதியில் முந்திய கதை

ஓணான்பாளையத்துக்கு வழி கேட்டுக்கொண்டு போகலாம். ஆனால் அந்த ஊர்க்காரர்களிடம் மட்டும் கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டுப் போனவர்களில் சிலர் இன்னும் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பாளையத்துக்கும் கிழக்கே இருந்த நரிக்காட்டுச் சீமைக்கும் நடுவில் ஒரு சுங்கச் சாவடி இருந்தது. சாலைக்குக் குறுக்கே ஒரு பனங்கட்டை, அதைத் தூக்கி இறக்க ஒரு கயிறு, பார்த்துக்கொள்ள மூன்று பேர். தலைவர் சங்கிலிமுத்து தங்கமான மனுஷர். தங்கத்தைப் போலவே மூளையும் கனம்; லேசில் அசையாது. கயிறு இழுப்பவர் மாடக்கண்ணு. வன்னியப்பனுக்கு மட்டும் கைவேலை எதுவும் கிடையாது. அவர் யோசிக்கிறவர். சாவடியில் நடந்த சேதத்தில் முக்கால்வாசி அவரால் வந்ததுதான்.

ஓணான்பாளையத்துப் பருத்தி கிழக்கே போகும்; வேட்டியாகத் திரும்பி வரும். எள் போகும், எண்ணெயாக வரும். மூங்கில் போகும், கூடையாக வரும். போகும்போது அடிமாட்டு விலை, வரும்போது யானை விலை. இப்படியே பல வருஷம் ஓடியதில் ஊரார் நல்ல வேட்டி கட்டி, தலை வழிய எண்ணெய் தடவி, கழுத்து வரை கடனில் இருந்தார்கள். பாளையக்காரரின் கஜானாப் பெட்டியைத் திறந்தால் பல்லி முட்டைதான் இருந்தது.

சித்திரை பிறந்ததும் பிரதானி பல்லக்கில் வந்து இறங்கினார். பாளையக்காரருக்கு மந்திரி அவர். ஊரிலேயே படித்தவர் என்று பெயர். அந்த ஊரில் அந்தப் பெயர் எடுப்பது பெரிய காரியமில்லை. மூன்று பேரையும் வரிசையாக நிற்க வைத்து இரண்டு உத்தரவு போட்டார்.

"இந்த வருஷம் உள்ளே வருவதைவிட வெளியே போவது குறையக் கூடாது. பங்குனிக் கடைசியில் வந்து பார்ப்பேன். ஒன்று குறைந்தாலும் சாவடித் தலைவன் எல்லைக்கு வெளியே போக வேண்டியதுதான். இன்னொன்று. இங்கேயிருந்து அரைகுறையாகப் போய், அங்கே முழுசாகித் திரும்பி வருகிறதே, அதுதான் நம் குடியைக் கெடுக்கிறது. அப்படிப்பட்ட எதையும் உள்ளே விடாதே. எதையும் என்றால் எதையும்."

சங்கிலிமுத்து பனங்கட்டையைத் திரும்பிப் பார்த்தார். உத்தியோகம் போனால் போகட்டும். எல்லைக்கு வெளியே போவதுதான் அவரால் தாங்க முடியாதது. கல்யாணமாகிப் பல வருஷம் கோயில் கோயிலாகச் சுற்றிய பிறகு, அந்த வாரம்தான் அவர் மனைவி ஆவுடைத்தாய் வாயும் வயிறுமாக இருப்பது தெரிந்தது. மனுஷர் அன்றைக்கே ஆசாரியைக் கூட்டி வந்து, தொட்டில் கட்ட உத்தரத்தில் இரும்பு வளையம் அடித்துவிட்டார். வளையம் உள்ளேயும் தகப்பன் வெளியேயும் இருந்தால் பிள்ளையை யார் ஆட்டுவது?

இரண்டு பானை வாங்கி வைத்தார்கள். ஒன்று வெளியே போவதற்கு, ஒன்று உள்ளே வருவதற்கு. எது கடந்தாலும் அதற்குரிய பானையில் ஒரு புளியங்கொட்டை. ஏற்பாடு நன்றாகத்தான் இருந்தது. அதற்குள் வன்னியப்பன் யோசித்துவிட்டார்.

"அண்ணாச்சி, ஒரு வண்டிப் பருத்தி போனா ஒண்ணு. ஒரு வெள்ளரிக்கா வந்தாலும் ஒண்ணு. இது நமக்குக் கட்டுபடியாகுமா?"

"ஆகாதுதான்," என்றார் சங்கிலிமுத்து.

"அப்ப போறதைப் பிரிச்சு விடுவோம். வாரதைச் சேத்துக் கட்டி வாங்குவோம்."

மறுநாள் நரிக்காட்டுக் குயவர் ஒருவர் கழுதை மேல் சட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்தார். சட்டிகள், கழுதை, குயவர் எல்லாவற்றையும் ஒரே கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஒரே சாமானாக உள்ளே வரச் சொன்னார்கள். கழுதைக்கு இந்தக் கணக்கு பிடிக்கவில்லை. படுத்து உருண்டது. உள்ளே வந்து சேர்ந்தது ஒரு கழுதையும் ஒரு குயவரும் ஏராளமான ஓடுகளும். ஆனாலும் கயிறு அவிழாததால் ஒரு கொட்டைதான் போட்டார்கள். குயவர் மட்டும் தனியாக அழுதார். அழுகையைக் கணக்கில் சேர்ப்பதா என்று சிறிது நேரம் விவாதம் நடந்தது.

வெளியே போவதைப் பிரித்த கதை இன்னும் சிறப்பு. எள் வியாபாரி மைதீன் ராவுத்தர் மூட்டைகளோடு வந்து நின்றார். அவிழ்த்துக் கொட்டச் சொல்லி, ஒவ்வோர் எள்ளாக எல்லையைத் தாண்டிக் கொண்டுபோய் வைக்கச் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கொட்டை விழுந்தது. பொழுது சாய்வதற்குள் ராவுத்தர் ஒரு பிடி எள்ளை ஏற்றுமதி செய்திருந்தார். அந்தப் பிடியையும் எறும்பு இந்தப் பக்கமே தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. ராவுத்தர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, மீதி எள்ளைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அதோடு புளியங்கொட்டையும் தீர்ந்துபோனது. வேறு வழியில்லாமல் நரிக்காட்டிலிருந்தே ஒரு மூட்டை கொட்டை வரவழைத்தார்கள். மூட்டை ஒன்றுதானே என்று மாடக்கண்ணு உள்பானையில் ஒன்றைப் போடப் போனார்.

வன்னியப்பன் தடுத்தார். "எள்ளை மட்டும் ஒவ்வொண்ணா எண்ணிட்டு, கொட்டையை மூட்டையா எண்ணினா ஊரு சிரிக்காதா? இறக்குமதின்னா எல்லாம் இறக்குமதிதான்."

நியாயத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் அவர்கள். வந்த கொட்டை ஒவ்வொன்றுக்கும் ஒரு கொட்டை என்று எடுத்து உள்பானையில் போட்டார்கள். கடைசியில் பானை நிறைந்துவிட்டது; மூட்டை காலியாகிவிட்டது. எண்ணுவதற்காக வாங்கியதை எண்ணியே முடித்துவிட்டார்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். மூவரும் பானையைச் சுற்றி உட்கார்ந்து, துக்க வீட்டில் இருப்பது போல் வெற்றிலை போட்டார்கள். பிறகு சங்கிலிமுத்து, வந்த சனியன் வந்த வழியே போகட்டும் என்று சொல்லி, எல்லாவற்றையும் கொண்டுபோய் எல்லைக்கு அப்பால் கொட்டிவிட்டு, ஊர் ஓடையிலிருந்து கூழாங்கல் பொறுக்கி வந்து கணக்கை முதலிலிருந்து தொடங்கினார்.

ஐப்பசியில் ஆவுடைத்தாயைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக வந்தார்கள். தாய்வீடு நரிக்காட்டில். கட்டையைத் தாண்டி வண்டி மறையும் வரைக்கும் சங்கிலிமுத்து அழுதுகொண்டே நின்றார். அழுதுகொண்டே வெளிப்பானையில் ஒரு கல்லைப் போட்டார். உத்தியோகம் உத்தியோகம்தானே.

அதற்குப் பிறகு வியாபாரம் சுத்தமாகப் படுத்துவிட்டது. வியாபாரிகள் எல்லாரும் காட்டு வழியாகச் சுற்றிப் போகத் தொடங்கினார்கள். போகவும் இல்லை, வரவும் இல்லை என்றால் சாவடிக்காரர்கள் என்னத்தை எண்ணுவார்கள்? காக்கையை எண்ணினார்கள். காலையில் நரிக்காட்டிலிருந்து வரும், சாயங்காலம் திரும்பிப் போகும். திரும்பும்போது வாயில் ஒரு வடைத் துண்டு இருந்தால் நமக்கு ஒன்று லாபம். அதனால் ஊர்ப் பெண்களிடம் காக்கைக்கு வடை வைக்கச் சொல்லித் தண்டோரா போட்டார்கள். தீபாவளிக்கு வந்து பொங்கல் வரைக்கும் கிளம்பாத மாப்பிள்ளைகளையும் வீடு வீடாகப் போய்ப் பிடித்து ஏற்றுமதி செய்தார்கள். சாவடி இருந்து ஊருக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுதான் என்று மாமனார்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

பங்குனிக் கடைசி நாள் வந்தது. பிரதானி பல்லக்கை விட்டு இறங்கி, இரண்டு பானையையும் தரையில் கவிழ்த்து, கல்லுக்குக் கல் ஜோடி சேர்த்துப் பார்த்தார். வெளிப்பானையில் ஒரு கல் கூடுதலாக இருந்தது. சங்கிலிமுத்துவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு வண்டி வந்து நின்றது. ஆவுடைத்தாய் இறங்கினாள். தோளில் ஒரு துணிச்சுருள். அதற்குள் சங்கிலிமுத்துவின் மூக்கு, சிறிய அளவில்.

அவர் ஓடிப்போய்க் கட்டைக்கு மேலே கையை நீட்டினார். வன்னியப்பன் இடுப்பைப் பிடித்து நிறுத்தினார்.

"பொறுங்க அண்ணாச்சி. மதினி போகும்போது ஒண்ணு. இப்ப வரும்போது ரெண்டு. மதினி வந்தா கணக்கு நேர். பிள்ளையும் வந்தா ஒண்ணு குறையும்."

"போகும்போதும் ரெண்டுதான் போனோம்," என்றாள் ஆவுடைத்தாய். "ஒண்ணு வயித்துக்குள்ள இருந்துச்சு."

மாடக்கண்ணுவின் முகம் கறுத்தது. "அப்ப சாவடியில சொல்லாம மறைச்சுக் கொண்டு போயிருக்கீங்க. அது கள்ளச் சரக்குல்லா மதினி."

"அது மட்டுமா?" என்றார் வன்னியப்பன். "அரைகுறையாப் போயி, அங்கன முழுசாகி வந்திருக்கு. எசமான் எதை விடாதேன்னு சொன்னாகளோ, அதேதான் இது."

சங்கிலிமுத்து வாய்விட்டு அழுதார். அவரைப் பார்த்துப் பிள்ளையும் அழுதது. ஆவுடைத்தாய் மட்டும் அழவில்லை. அவள் பானைகளைப் பார்த்தாள், பிரதானியைப் பார்த்தாள்.

பிரதானி தாடியைத் தடவி யோசித்தார். பச்சைப் பிள்ளையைத் தடுத்தால் பாவம். அதற்கு மட்டும் விலக்குக் கொடுப்பதாகச் சொன்னார். தாயும் பிள்ளையும் உள்ளே வந்தார்கள். மாடக்கண்ணு உள்பானையில் இரண்டு கல் போட்டார். ஒன்று குறைந்தது. உத்தரவுப்படி தலைவன் வெளியே போக வேண்டும். சங்கிலிமுத்து தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டுக் கட்டைக்கு அடியில் குனிந்து வெளியே போனார். மாடக்கண்ணு கடமை தவறாதவர். வெளிப்பானையில் ஒரு கல் போட்டார்.

பிரதானி மறுபடியும் ஜோடி சேர்த்துப் பார்த்தார். நேராக இருந்தது.

"குறையில்லையே. குற்றம் செய்யாதவன் ஏன் வெளியே நிற்கிறான்? உள்ளே வரச் சொல்லு."

வந்தார். உள்பானையில் ஒரு கல் விழுந்தது. குறைந்தது. போகச் சொன்னார். போனார். நேரானது. கூப்பிட்டார். பல்லக்குத் தூக்கிகள் நிழலில் படுத்துத் தூங்கியே விட்டார்கள். சங்கிலிமுத்துவின் இடுப்பு வளைந்தது வளைந்தபடி நின்றது. குனிந்தபடியே போய்க் குனிந்தபடியே வந்துகொண்டிருந்தார். உள்ளே வரும் ஒவ்வொரு முறையும் பிள்ளையின் கன்னத்தை ஒரு தடவை தொட்டுக்கொண்டார். தலைவிதியை நொந்துகொள்ளக்கூட அவருக்கு நேரமில்லை.

ஒருமுறை அவர் உள்ளே வந்து நின்றபோது ஆவுடைத்தாய் வாயைத் திறந்தாள். மரியாதையாகத்தான் பேசினாள்.

"எசமான், இவுகளுக்கு வாயால சொன்னா விளங்காது. வெளியன்னா எந்த இடத்துல, எப்படி நிக்கணும்னு நீங்களே ஒரு தடவை காட்டிக் குடுத்துருங்க."

பிரதானிக்கு அது சரியாகப் பட்டது. முட்டாள்களிடம் மாரடிப்பதே தம் பிழைப்பாகிவிட்டது என்று முனகிக்கொண்டு, கட்டையைத் தூக்கச் சொல்லி, கம்பீரமாக நடந்துபோய் எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"பார்த்துக்கொள். இப்படி நிற்க வேண்டும். அசையக் கூடாது."

வெளிப்பானையில் ஒரு கல் விழுந்த சத்தம் கேட்டது.

"மாடக்கண்ணு அண்ணாச்சி," என்றாள் ஆவுடைத்தாய். "கணக்கு நேராயிட்டு. கட்டையை எறக்கும்."

மாடக்கண்ணு இறக்கினார்.

பிரதானி முதலில் சிரித்தார். பிறகு உறுமினார். பிறகு கெஞ்சினார். வன்னியப்பன் கைகட்டி, வாய் பொத்தி, தாங்கள் உள்ளே வந்தால் தங்கள் உத்தரவு மீறப்படும், அந்தப் பாவத்தை எங்கள் கையால் செய்ய மாட்டோம் என்று பணிவோடு சொன்னார். சங்கிலிமுத்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், இரும்பு வளையத்தில் தொட்டிலைக் கட்டினார். அன்றைக்கு அந்த மனுஷனைப் போல் சந்தோஷப்பட்டவன் அந்தப் பாளையத்தில் யாருமில்லை. நேரான கணக்கைக் கேட்ட பாளையக்காரரும் மகிழ்ந்துபோனார். பிரதானி எங்கே என்று விசாரித்தார். ஏற்றுமதியாகிவிட்டார் என்றார்கள். நல்ல விலைக்குத்தானே என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

நாலைந்து நாள் வெயிலில் கிடந்த பிரதானிக்கு ஞானோதயம் ஆயிற்று. கட்டையைப் பிடித்துக்கொண்டு அழாத குறையாகச் சொன்னார்: "அப்பா, நான் போட்ட உத்தரவு மடத்தனம். பருத்தியைத் தடுப்பதற்குப் பதிலாக நாமே ஒரு தறி போட்டிருக்க வேண்டும். இப்போதுதான் எனக்குப் புத்தி வந்திருக்கிறது. திற."

வன்னியப்பன் நெடுநேரம் யோசித்தார்.

"எசமான், அதனாலதான் தெறக்க முடியல. இங்கயிருந்து போகும்போது அரைப் புத்தியோட போனீங்க. இப்ப முழுப் புத்தியோட வாரீங்க. அரைகுறையாப் போயி முழுசாகி வாரதை விடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? போனபடியே வந்தா நாங்க பாத்துக்கிடுதோம்."

பிரதானி திரும்பிப் போய் எல்லையோரத்துப் புளியமரத்தடியில் உட்கார்ந்தார். மூவரும் தினம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் தெளிவாகத்தான் இருக்கிறார் என்று வருத்தத்தோடு திரும்பினார்கள். வைகாசி பிறந்த அன்று பார்த்தபோது, அவர் கூழாங்கல்லைக் குவித்து வைத்துக்கொண்டு காக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தார். சங்கிலிமுத்து மனம் குளிர்ந்து கட்டையைத் தூக்கச் சொன்னார்.

பிரதானி எல்லைக் கோட்டில் வந்து நின்றுவிட்டார். உள்ளே காலை வைக்கவில்லை. தம் தலைப்பாகை மேல் உட்கார்ந்திருந்த காக்கையைக் காட்டி, கண்டிப்பாகச் சொன்னார்:

"ஒரு கயிறு கொண்டு வா. எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டு. வீணாக இன்னொரு கல்லா?"