செவலையை உள்ளே விட்ட விதம்

கூழாங்கல்பாளையத்து நாச்சப்பனுக்கு நாலு ஏக்கர் மானாவாரிக் காடு. மூன்று வருஷமாக அதில் சோளம் விதைத்துச் சருகு அறுத்துக்கொண்டிருந்தார். செவலை என்று ஒரே ஒரு கறவை மாடு. அதுவும் தீவனமில்லாமல் எலும்பும் தோலுமாக நின்றது.

வேளாண்மை ஆபீசரம்மா வந்து காட்டைப் பார்த்தார். "இதுல இனி உழவு வேண்டாங்க. கொழுக்கட்டைப் புல் விதைங்க. ஒரு தடவை விதைச்சாப் போதும், வருஷா வருஷம் தானா துளுக்கும். சுத்தி வேலி போடுங்க. புல் முழங்கால் உசரம் வந்தப்புறம் மாட்டை உள்ளே விடுங்க, அதுவரைக்கும் விடக்கூடாது" என்று விதை மூட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

நாச்சப்பன் முதல் பிடியை அள்ளியதுமே தம்பி செங்கோடன் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணா, ஒரு தடவைதான் விதைக்கணும். பிடி பிடியாப் போட்டா எத்தனை தடவை ஆகுது?"

நியாயமாகத்தான் பட்டது. இளைய தம்பி பொங்கியண்ணனையும் சேர்த்துக்கொண்டு மூட்டையை ஒரே வீச்சாக வீசினார்கள். பஞ்சு மாதிரி விதை. காற்றே காடு முழுக்கத் தூவிவிட்டது.

அப்புறம் வேலி. வாசல் வைத்தால் மாடு வந்துவிடும் என்று வாசலே வைக்காமல் நாலு பக்கமும் முள் அடைத்து, ஏணி போட்டு வெளியே இறங்கினார்கள். இறங்கிய பிறகுதான் செவலை உள்ளே நிற்பதைப் பார்த்தார்கள்.

"ஓட்டிட்டு வந்துரலாமா?" என்றார் நாச்சப்பன்.

"உள்ளே விடக்கூடாதுன்னுதான் சொன்னாங்க" என்றான் பொங்கியண்ணன். "நாம விடலை, அதுவா இருந்துச்சு. வெளியே விடச் சொன்னாங்களா?"

"சொல்லலை."

செவலை உள்ளேயே இருந்தது. தினமும் ஏணி ஏறித் தண்ணீர் காட்டினார் நாச்சப்பன். மழை பெய்தது, புல் துளிர்த்தது, துளிர்த்ததைச் செவலை தின்றது. மாடு கொழுக்கக் கொழுக்க அவருக்குச் சந்தோஷம். புல் கணுக்காலைத் தாண்டாததில் தூக்கமில்லை.

ஒருநாள் பொங்கியண்ணன் யோசித்துவிட்டு, "அண்ணா, மண்டி போட்டு அளந்து பாருங்க" என்றான். போட்டார். புல் முழங்காலைத் தாண்டி நின்றது.

"இனி மாட்டை உள்ளே விடணும்" என்றான் செங்கோடன். "வெளியே இருந்தாத்தானே விட முடியும்?"

வழி கண்டுபிடித்தது நாச்சப்பன்தான். "வேலியைப் பிரிச்சுட்டா அது வெளியே நிக்கிற மாடுதானே? திரும்பக் கட்டினா உள்ளே விட்டதா ஆயிருது."

அப்படியே பிரித்தார்கள். காட்டிலேயே மூன்று நாள் தங்கி, முள்ளிலேயே கண்ணாக இருந்து, திரும்பக் கட்டினார்கள். முடித்ததும் நாச்சப்பன் எட்டிப் பார்த்தார். "செவலையைக் காணோமே?"

"புல்லு அவ்வளவு உசரம்ணா" என்றான் பொங்கியண்ணன்.

நிம்மதியாக வீட்டுக்கு வந்தால், கொட்டிலில் மனைவி வேலாத்தாள் ஒரு மாட்டைக் கறந்துகொண்டிருந்தாள்.

"யார் மாடு இது?"

"நம்ம செவலைதானுங்க. மூணு நாளைக்கு முன்னாடியே வந்துருச்சு."

"செவலையை நானே இப்பத்தான் உள்ளே விட்டுட்டு வர்றேன்" என்றார் நாச்சப்பன். அடுத்தவர் மாட்டுப் பால் வீட்டில் தங்கக்கூடாது என்று சொம்பையும் எடுத்துக்கொண்டார். மாட்டை அவிழ்த்துப் பிடித்தபடி, தொலைத்தவரைத் தேடி வீடு வீடாக விசாரித்துக்கொண்டு போனார்.

பின்னாலேயே நடந்த செங்கோடன் மாட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னான்: "தொலைச்சவங்க காட்டுலயும் கொழுக்கட்டைப் புல்லுதான் போட்டிருக்காங்கண்ணா. இல்லாட்டி இப்படிக் கொழுக்காது."