பட்டைத் தைலம் பட்ட முழங்கால்

கடலோரத்து மடம் ஒன்றில் அறம்வளர்த்தாள் என்கிற வைத்தியச்சி இருந்தாள். அவளுடைய சீடர்களில் உலகநாச்சி, குருவைவிடப் பதினைந்து வயது பெரியவள்.

உலகநாச்சியின் கணவர் இலங்கையிலிருந்து லவங்கப்பட்டை ஏற்றிவரும் தோணியில் வேலை செய்தவர். ஓர் ஐப்பசியில் போன தோணி திரும்பவே இல்லை. பதினொரு வருஷம் ஆகிவிட்டது.

மடத்தில் அதே பட்டையைக் காய்ச்சித் தைலம் இறக்குவார்கள். பல்வலிக்கும் மூட்டுவலிக்கும் கேட்டு ஆட்கள் வருவார்கள். தைலம் இறக்கும் நாளில் உலகநாச்சி கிணற்றடிக்குப் போய்விடுவாள். கரை இறங்கி வீட்டுக்கு வரும்போதெல்லாம் கணவர் மேல் வீசிய வாசனை அது.

ஒருநாள் குரு மடத்துக்குப் பின்னால் மூலிகை பறிக்கப் போயிருந்தாள். வலைக்காரர் சந்தியாகு முழங்கால் வலியோடு வந்தார். உலகநாச்சி குப்பியைத் திறந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே ஊற்றித் தேய்த்தாள்.

"ஐயோ, எரியுதே ஆத்தா!"

சத்தம் கேட்டுக் குரு ஓடிவந்தாள். நல்லெண்ணெயை ஊற்றித் துடைத்தாள். மறுபடி ஊற்றினாள். தோல் சிவந்து கிடந்தது. எரிச்சல் மெல்ல அடங்கியது.

"எண்ணெய் கலக்க மறந்துட்டீங்களா, அக்கா?"

"மறக்கல அம்மா. கலக்க நேரமாகும். அந்த வாசனையில அவ்வளவு நேரம் என்னால நிக்க முடியல."

குரு நல்லெண்ணெய்ச் சட்டியைப் பக்கத்தில் இழுத்துவைத்தாள்.

"இந்த ஏக்கத்தாலதான் இவரைப் புண்ணாக்கிட்டேன். இது குறைய ஒரு வழி சொல்லுங்க."

குரு ஒரு கிண்ணத்தில் ஒரு துளி தைலம் விட்டாள்.

"தொட்டுப் பாருங்க."

உலகநாச்சி விரல் வைத்தாள். சுருக்கென்றது.

குரு அதில் ஒரு கரண்டி நல்லெண்ணெய் ஊற்றினாள். இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

"இப்ப?"

"எரியல. வெதுவெதுன்னு இருக்கு."

"வாசனை?"

உலகநாச்சி கிண்ணத்தை முகத்தருகே கொண்டுபோனாள். வெகுநேரம் அதைக் கீழே வைக்கவில்லை. கண் நிறைந்து வழிந்தது.

"போகல அம்மா. அப்படியே இருக்கு."

"அந்தத் துளியிலேருந்து நான் எதையும் எடுக்கலியே, அக்கா. சேர்க்கத்தானே செஞ்சேன்" என்றாள் குரு. "சந்தியாகு அண்ணனுக்கு இன்னொரு முழங்காலும் வலிக்குதாம். நீங்களே தேய்ச்சுவிடுங்க."